கறுப்புச் சட்டைக்கு ஒரு கைப்பிடி உப்பு

திருப்பூரில் சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்கிற பிளான்ட் எங்களுடையது. சித்திரை வெயிலில் அங்கே எடுக்கும் உப்பு வியர்க்கும். யாரும் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள், மழையும் பெய்திருக்காது. காலையில் சென்ட்ரிஃபியூஜிலிருந்து, அதாவது சுழற்றித் தண்ணீரைப் பிரிக்கும் மெஷினிலிருந்து, கொட்டும்போது கல்கண்டு மாதிரி மினுக்கிய படிகங்கள், மூன்று மணிக்கெல்லாம் ஓரம் கரைந்து சேறாகக் கிடக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூரை ஒழுகுகிறது என்று நினைத்து ஏணி போட்டு ஏறிப் பார்த்தவன் நான். கீழே நின்ற ஆபரேட்டர் அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது தன் தண்ணியிலயே கரையுதுங்க சார், எறங்கி வாங்க" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. கிளாபர் சால்ட் என்று நாங்கள் சொல்வது, பத்து நீர் மூலக்கூறுகளைத் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்ட சோடியம் சல்ஃபேட். எடையில் 56 சதவீதம் தண்ணீர்தான், பார்வைக்குத்தான் கல். 32.4 டிகிரியைத் தாண்டினால் கட்டு அவிழ்ந்து, வெளியே வந்த தண்ணீரிலேயே உப்பு கரைந்துவிடும். திருப்பூரில் சித்திரை மத்தியானம் 32.4 டிகிரி என்பது நிழலில்கூடக் கிடைக்காத குளிர்ச்சி. 17ஆம் நூற்றாண்டில் ஜோஹன் ருடால்ஃப் கிளாபர் என்ற ஜெர்மானியர் இதற்கு 'அற்புத உப்பு' என்று பெயர் வைத்தார். அந்தக் காலத்தில் பேதி மருந்தாகப் புழங்கியது. எங்களுக்கு அந்த அற்புதம் சாயத் தண்ணீரிலிருந்து வருகிறது.

நான் ஆத்தூர்ப் பக்கம். பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு 2010இல் திருப்பூர் வந்து ஒரு டையிங் லேபில் சேர்ந்தேன். முதல் வாரமே மாஸ்டர் என்னை சாயம் போடும் சாஃப்ட் ஃப்ளோ மெஷின் பக்கத்தில் நிறுத்தி, மூட்டை மூட்டையாக உப்பு கொட்டுவதைக் காட்டினார். துணிக்குச் சாயம் போடுவதற்கு இவ்வளவு உப்பு எதற்கு என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. கல்லூரியில் சொல்லித்தந்திருப்பார்கள், பரீட்சைக்குப் படித்து மறந்திருப்பேன்.

விஷயம் இதுதான். பருத்தி நூல் தண்ணீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் வந்துவிடுகிறது. நாம் போடும் ரியாக்டிவ் சாயமும் எதிர்மின்னேற்றம் கொண்டதுதான். இரண்டும் ஒன்றையொன்று கிட்ட விடாது. உப்பு நடுவில் புகுந்து அந்தச் சண்டையைத் தணிக்கிறது, சாயம் நூலுக்குள் போகிறது, அப்புறம் சோடா ஆஷ் போட்டு நிறத்தைப் பிடிக்க வைக்கிறோம். வெளிர் நிறத்துக்குக் கொஞ்சம் உப்பு போதும். கறுப்பு, நேவி என்றால் லிட்டருக்கு 80 கிராம், சில சமயம் அதற்கும் மேலே. ஒரு கிலோ துணிக்கு ஆறு லிட்டர் தண்ணீர் என்று வைத்தாலும், கிலோவுக்குக் கிட்டத்தட்ட அரைக் கிலோ உப்பு. நீங்கள் போட்டிருக்கும் கறுப்பு டி-ஷர்ட் 200 கிராம் இருக்குமா? அதற்கு நூறு கிராம், ஒரு பெரிய கைப்பிடி.

அந்தக் கைப்பிடியில் ஒரு சிட்டிகைகூடத் துணியில் தங்காது. தரகர் மாதிரி வேலை. இரண்டு பேரையும் சேர்த்து வைத்துவிட்டு, அலசும் தண்ணீரோடு முழுசும் வெளியேறிவிடும்.

ஊரே நிறத்தைத்தான் திட்டியது. நொய்யல் ஒரு நாள் சிவப்பாக ஓடியது, மறுநாள் நீலமாக ஓடியது என்று பேப்பரில் போட்டோ வரும். நிறம் கண்ணில் படும், ஆகவே கோபம் வரும். ஆனால் நிறத்தை எடுப்பது ஒப்பிட்டால் சுலபம். பாக்டீரியா கொஞ்சம் தின்னும், குளோரினோ ஓசோனோ மீதியை வெளுக்கும். உப்பைத் தின்ன எந்தப் பூச்சியும் பிறக்கவில்லை. நிறம் போன கண்ணாடித் தண்ணீரில் லிட்டருக்கு 6,000, 7,000 மில்லிகிராம் உப்பு அப்படியே இருக்கும். வெளியே விடலாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்த எல்லை 2,100.

அந்தத் தெளிந்த தண்ணீர்தான் ஒரத்துப்பாளையம் அணையில் போய் நின்றது. 1992இல் பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே கட்டி முடித்த அணை. சில ஆண்டுகளிலேயே கீழே இருக்கிற விவசாயிகள், இந்த அணையில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. அணை வேண்டும் என்று போராடுகிற விவசாயிகளைத்தான் நாம் எங்கும் பார்த்திருப்போம். கிணறு உப்பாகி, தென்னை காய்ப்பு விட்டுப்போய், மாடு வாய் வைக்காத தண்ணீரை வைத்துக்கொண்டு அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2006இல் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்றது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. பட்டறைகள் அவகாசம் கேட்டுக்கொண்டே இருந்தன. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகள் எல்லாவற்றையும் மூடச் சொல்லிவிட்டது.

எனக்கு வேலை போனது அப்படித்தான். அன்றைக்கு எனக்குக் கோர்ட்டு மேல் கோபம், விவசாயி மேல்கூடக் கோபம். இப்போது இல்லை. இன்று நான் சம்பளம் வாங்குவதே அவர்கள் போட்ட வழக்கினால்தான்.

பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்பா சேகோ மில்லில், அதாவது ஜவ்வரிசி ஆலையில், வறுவல் ஆள். எங்கள் பக்கத்தில் மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்போம். ஆத்தூர், ராசிபுரம், சேலம் சுற்றுவட்டாரம் முழுக்கக் கிழங்கும் சேகோ மில்லும்தான். நீங்கள் பாயசத்தில் போடும் ஜவ்வரிசி பெரும்பாலும் எங்கள் ஊர்ச் சரக்கு. சேலத்தில் 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் இதற்கென்றே இருக்கிறது. கிழங்கைத் தோல் உரித்து, கழுவி, அரைத்து, பாலைச் சலித்துத் தொட்டியில் தேக்கினால் மாவு அடியில் படியும். சக்கைக்குத் திப்பி என்று பெயர், மாட்டுத் தீவனத்துக்குப் போகும், அதற்கும் விலை உண்டு. மேலே நிற்கும் தண்ணீருக்குத்தான் விலை இல்லை.

அந்தத் தண்ணீரின் வாடையை எழுத்தில் கொண்டுவர முடியாது. சேலம் பஸ்ஸில் போகும்போது தூங்கிக்கொண்டிருப்பவர்கள்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுவார்கள். புளித்த மாவு, அழுகின முட்டை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. மாவும் சர்க்கரையும் கரைந்த தண்ணீர், கிழங்கில் இயற்கையாகவே உள்ள சயனைடும் கொஞ்சம் கலந்திருக்கும். பள்ளம் தோண்டி அதில் விட்டுவிடுவார்கள். எங்கள் தெருவில் அந்த வாடை இல்லாத நாளில்தான், "என்ன, மில்லு ஓடலையா" என்று கேட்போம்.

நான் போன சமயம் அப்பா வேலை பார்த்த மில்லில் கேஸ் பிளான்ட் போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. மூடின பெரிய தொட்டி, மேலே ரப்பர் ஷீட் உப்பி நிற்கும். உள்ளே காற்றில்லாத இருட்டில் இரண்டு கூட்டம் நுண்ணுயிர் வேலை செய்யும். முதல் கூட்டம் மாவைச் சிதைத்து அமிலமாக்கும். அது அவசரக்காரக் கூட்டம். இரண்டாவது கூட்டம் அந்த அமிலத்தை மீத்தேனாக்கும். அது சோம்பேறி, மேலும் தொட்டாற்சிணுங்கி. புளிப்பு கொஞ்சம் ஏறினாலும் வேலையை நிறுத்திவிடும். ஆரம்பத்தில் வண்டி வண்டியாய்ச் சாணி கொட்டி, மூன்று மாதம் காத்திருந்து, அந்த இரண்டாவது கூட்டத்தை வளர்த்திருந்தார்கள். கெமிஸ்ட்ரி படித்த பையன் சும்மாதானே இருக்கிறான் என்று முதலாளி என்னை அதற்குப் பொறுப்பாக்கினார்.

மாசி மாதம், கிழங்கு வரத்து உச்சம். மில் இரண்டு ஷிஃப்ட் ஓடியது. தண்ணீர் நிறைய வருகிறது, கேஸும் நிறைய வரும் என்று கணக்குப் போட்டு நான் முழுசையும் தொட்டிக்குள் திருப்பிவிட்டேன். காகிதத்தில் அந்தக் கணக்கு சரிதான். தண்ணீரில் உள்ள கழிவை எரிக்க ஒரு கிலோ ஆக்சிஜன் வேண்டும் என்றால், அதே கழிவிலிருந்து 0.35 கன மீட்டர் மீத்தேன் எடுக்கலாம் என்று பாடப் புத்தகம் சொல்கிறது. நான்காம் நாள் அப்பா வறுவல் அடுப்பிலிருந்து எழுந்து வந்தார்.

"ஏன் சாமி, தீ மஞ்சளா மிதக்குதே. என்ன பண்ணுன?"

அப்பாவுக்கு பி.ஹெச். மீட்டர் தெரியாது. இரும்புத் தட்டில் ஜவ்வரிசி குதிக்கும் வேகமும் கீழே தீயின் நிறமும் தெரியும். நான் ஓடிப்போய்த் தொட்டித் தண்ணீரை எடுத்துப் பார்த்தேன். 7க்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது 5.5. தொட்டி புளித்துவிட்டது. அவசரக்காரர்கள் அமிலத்தைக் குவித்துவிட்டார்கள், சோம்பேறிகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். சுண்ணாம்பு கரைத்து ஊற்றி, வரத்தை நிறுத்தி, மறுபடி சாணி போட்டு, அது பழைய நிலைக்கு வர ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் மில்லு விறகில் வறுத்தது. அப்பா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, விறகுப் புகையில் இருமும்போது மட்டும் என் பக்கம் பார்த்துக்கொள்வார்.

அந்த மில்லில் இன்னொன்றும் கவனித்தேன். முதலாளி முதலில் வாங்கியது கேஸில் ஓடும் ஜெனரேட்டர். கரண்ட் எடுத்தால்தான் லாபம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேஸில் மீத்தேன் 60 சதவீதம், மீதி கரியமில வாயு, கூடவே ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதாவது அந்த அழுகின முட்டை. அடுப்புக்கு அது பொருட்டே இல்லை, எரிந்து போகும். எஞ்சினுக்கு அது எமன். இரும்புத் துருவல் நிரப்பின டிரம்மில் கேஸை விட்டு சல்ஃபைடை வாங்க வேண்டும், துருவலை அவ்வப்போது மாற்ற வேண்டும். ஒரு மாதம் மாற்றவில்லை, எஞ்சின் உள்ளே அரித்துப்போய் நின்றுவிட்டது. அப்புறம்தான் பைப்பை நேராக வறுவல் அடுப்புக்கு இழுத்தார்கள். 30 கன மீட்டர் கேஸ் ஒரு வீட்டு சிலிண்டருக்குச் சமம். அதைச் சுத்தம் செய்யாமல், அடைக்காமல், எங்கும் எடுத்துப் போகாமல், ஐம்பது அடி தூரத்தில் எரித்தார்கள். ஜெனரேட்டர் மேல் கோழி அடைந்தது. அப்போது எனக்கு அது தோல்வி மாதிரி தெரிந்தது. அது எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று புரிய நான் மறுபடி திருப்பூர் போக வேண்டியிருந்தது.

இதற்கிடையில் திருப்பூரில் பட்டறைகளை மறுபடி திறக்க வழி பிறந்தது. அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் அறிவித்தது, அருள்புரத்தில் ஒரு பொது சுத்திகரிப்பு நிலையம் முதலில் செய்து காட்டியது, ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். மொத்தம் 18 காமன் பிளான்ட். அதில் ஒன்றில் கெமிஸ்ட்டாகச் சேர்ந்தேன்.

முதல் நாளே நான் கேட்ட கேள்வி: "இங்கயும் சேகோ மில்லு மாதிரி கேஸ் எடுக்கலாமே?" மேனேஜர் சிரிக்கவில்லை, உட்கார வைத்து விளக்கினார். சாயத் தண்ணீரில் தின்னுவதற்கு அதிகம் இல்லை, அது ஒன்று. அதைவிட, சல்ஃபேட் இவ்வளவு இருக்கும் தண்ணீரைக் காற்றில்லாமல் மூடினால் மீத்தேன் செய்கிற கூட்டத்தை முந்திக்கொண்டு சல்ஃபேட்டைச் சுவாசிக்கிற வேறொரு பாக்டீரியா பந்தியில் உட்கார்ந்துவிடும். அது கொடுப்பது அழுகின முட்டை மட்டும்தான், ஆளைக் கொல்லும் அளவுக்கு. ஒரு ஊரில் கேஸ் தந்த அதே இருட்டுத் தொட்டி இன்னொரு ஊரில் விஷத் தொட்டி. எங்கள் பிளான்ட்டில் எந்த ஸ்லட்ஜ் (கழிவுச் சேறு) தொட்டிக்குள்ளும் ஆள் இறங்கக் கூடாது என்று மேனேஜர் சிவப்பு பெயின்ட்டில் எழுதி வைத்திருந்தார், அதைப் படிக்காமல் யாரும் தாண்ட முடியாது.

இனி உப்பு. பட்டறைகளிலிருந்து பைப்பில் வரும் தண்ணீரை முதலில் காற்றூதிப் பாக்டீரியாவிடம் விடுகிறோம், தெளிய வைக்கிறோம், வடிகட்டுகிறோம், கடினத்தன்மையை, அதாவது கால்சியம், மக்னீசியத்தை, ரெசினில் வாங்குகிறோம், பிறகு ஆர்.ஓ. சவ்வு. நல்ல தண்ணீர் திரும்பப் பட்டறைக்கே போகும். மிச்சம் நிற்பதற்கு ரிஜெக்ட் என்று பெயர், டீ டிகாஷன் நிறத்தில் கெட்டியாக இருக்கும். வந்த உப்பு முழுக்க அதில்தான்.

இந்த ரிஜெக்ட்டை என்ன செய்வது? முதல் பதில் எல்லோருக்கும் தோன்றுவது: கொதிக்க வைத்து உப்பைக் காய்ச்சி எடு. தூத்துக்குடியில் வெயில் செய்கிற வேலையை எவாப்பரேட்டரில் நாம் செய்வது. ஆனால் வெயிலுக்குக் காசு கிடையாது. ஒரு கிலோ லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 600 யூனிட்டுக்கு மேல் வெப்பம் வேண்டும். கடல் நீரையே சவ்வில் தள்ளிக் குடிநீராக்க 3, 4 யூனிட் மின்சாரம் போதும் என்பதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். எவாப்பரேட்டரை நாலைந்து அடுக்காகப் போட்டு, ஒரு அடுக்கின் ஆவியில் அடுத்த அடுக்கைக் கொதிக்க வைத்தாலும், பாய்லர் வாசலில் விறகு லாரி நிற்காத நாள் கிடையாது. உப்பு மூட்டை வெளியே போகிறது, வேலிக்காத்தான் கட்டை உள்ளே வருகிறது. அந்த இரண்டு லாரியும் கேட்டில் ஒன்றையொன்று கடக்கும்போது எனக்கு ஏதோ உறுத்தும்.

அப்புறம் ஒரு நாள் அந்த மிக எளிய விஷயம் மண்டையில் ஏறியது. இந்த உப்பைக் காயவைத்து, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றி, எங்கே அனுப்புகிறோம்? அதே டையிங்குக்கு. அவர்கள் என்ன செய்கிறார்கள்? மூட்டையைப் பிரித்துத் தண்ணீரில் கரைக்கிறார்கள்!

கரைப்பதற்காகவா காய்ச்சினோம்?

நான் கண்டுபிடித்தது இல்லை இது. திருப்பூர் பிளான்ட்டுகள் பிழைத்ததே இந்த யோசனையால்தான். பிரைன் ரீயூஸ் என்பார்கள், பிரைன் என்றால் உப்புக் கரைசல். ரிஜெக்ட்டின் நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கி, சாயத்துக்கு வேண்டிய கெட்டி வந்ததும் நிறுத்தி, உப்புத் தண்ணீராகவே பைப்பில் திருப்பி அனுப்பிவிடுவது. உப்பும் போகிறது, தண்ணீரும் போகிறது, விறகு மிச்சம். உள்ளூரில் பெரும்பாலோர் சாதாரண உப்பை விட்டு சல்ஃபேட்டுக்கு மாறியதும் இதற்குத் தோதாக அமைந்தது. எந்த உப்பு உள்ளே போகிறது என்று தெரிந்தால்தானே எந்த உப்பு வெளியே வரும் என்று தெரியும்.

கோழி அடைந்த ஜெனரேட்டர் அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. கேஸைக் கரண்ட்டாக்கி ஊருக்கு விற்கப் போனபோது நின்றது, பக்கத்து அடுப்பில் எரித்தபோது ஓடியது. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்புகளில், அதாவது பதனிடும் ஆலைகளில், தோலைப் பதப்படுத்தும் குரோமியத்துக்கும் இதே கதை. டிரம்மில் போட்ட குரோமில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் தோல் குடிக்கும். மீதித் தண்ணீரில் மக்னீசியம் ஆக்சைடு போட்டுப் படிய வைத்து, சல்ஃப்யூரிக் அமிலத்தில் கரைத்தால் மறுபடி குரோம். அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் நெடுநாள் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கேயும் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் ஊர் வேகமாக அசைந்தது. எடுத்த குரோமை வாங்கிக்கொள்வது யார்? அதே ஷாப், அதே டிரம்.

போன வருடம் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். திரையில் ஒரு குழாய், அதிலிருந்து தங்கக் காசு கொட்டுகிற படம், மேலே 'கழிவிலிருந்து செல்வம்'. எழுந்து போய் டீ குடித்தேன். குழாயிலிருந்து காசு கொட்டாது ஐயா. குழாயின் அடுத்த முனையில் ஒரு ஆள் நின்று, "இது எனக்கு ஆகும்" என்று சொன்னால்தான் அது சரக்கு. அவன் என்ன சுத்தத்தில் கேட்கிறானோ அந்தச் சுத்தம்தான் விலை.

அந்தச் சுத்தத்தில் நானே ஒரு முறை சறுக்கினேன். இரண்டாவது ஷிஃப்ட், கடினத்தன்மையை வாங்கும் சாஃப்ட்னர் ரெசினைப் புதுப்பிக்க உப்பேற்ற வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. சாயங்காலம் பிரைனில் கடினத்தன்மை பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். காலையில் பார்த்த எண்ணையே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வால்வைத் திறந்தேன். கிரிக்கெட் மேட்ச் இருந்தது, வேறு காரணம் சொல்ல மாட்டேன்.

மறுநாள் மத்தியானம் ஒரு டையிங் மாஸ்டர் வந்தார். பட்டறை பேர் வேண்டாம். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அளவு துணி ஒன்றை எடுத்து என் மேசையில் விரித்து வைத்தார். இளநீலம். வானம் வெளுத்த மாதிரி ஒரு அழகான நீலம், அதன் மேல் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாய். கால்சியம் சாயத்தைத் திரட்டிவிட்டது.

"கொழந்தைங்க துணிங்க தம்பி. ஏற்றுமதி. நானூறு கிலோ."

நான் பேசவில்லை.

"கறுப்புல போட்டிருந்தா கண்டே புடிச்சிருக்க மாட்டேன். உங்க உப்பைக் கறுப்புக்கு வாங்கிக்கறேன். வெளிர் கலருக்கு நான் கடையில வாங்கிக்கறனுங்க, கோவிச்சுக்காதீங்க."

போய்விட்டார். அந்தத் துணி இன்றும் என் டிராயரில் இருக்கிறது. அவர் வெளிர் நிறத்துக்கு எங்கள் பிரைனைத் திரும்ப எடுக்க ஒன்றரை வருடம் ஆனது, அதுவும் ஒவ்வொரு லோடுக்கும் அவரே ஒரு டெஸ்ட் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து, என் எதிரிலேயே சொட்டு விட்டுப் பார்த்த பிறகு. நான் அதில் மானக்கேடு ஒன்றும் நினைக்கவில்லை.

பிரைனாகத் திருப்ப முடியாமல் மிஞ்சுவதைக் குளிர வைத்து உப்பாக எடுக்கிறோம், இதுதான் எனக்கு இந்த வேலையில் பிடித்த இடம். சாதாரண உப்பு சூடோ குளிரோ ஏறக்குறைய ஒரே அளவுதான் கரையும். சோடியம் சல்ஃபேட் அப்படியில்லை. 32.4 டிகிரியில் நூறு மில்லி தண்ணீரில் கிட்டத்தட்ட 50 கிராம் கரையும், 10 டிகிரியில் 9 கிராம்தான். ஆகவே கெட்டியான கரைசலைச் சில்லரில் குளிர வைத்தால் சாதாரண உப்பு பேசாமல் தண்ணீரிலேயே நின்றுவிடும், சல்ஃபேட் மட்டும் படிகமாய் உதிரும். கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்க்கலாம். முதலில் ஒன்றும் இருக்காது, பழுப்புத் தண்ணீர்தான். திடீரென்று ஒரு மூலையில் ஊசி மாதிரி ஒன்று மின்னும், கண் சிமிட்டி முடிப்பதற்குள் தொட்டி முழுக்க மார்கழிப் பனி. இரவு ஷிஃப்ட்டில் டார்ச் அடித்து இதைப் பார்ப்பதற்கென்றே நான் போவேன். அவ்வளவு அழுக்குத் தண்ணீரிலிருந்து அவ்வளவு வெள்ளை.

அந்த வெள்ளையும் போன பிறகு கடைசியாக நிற்பதுதான் தலைவலி. சாதாரண உப்பு, சல்ஃபேட்டின் மிச்சம், கால்சியம், சிலிக்கா, உடையாத சாயத் துணுக்கு, எல்லாம் கலந்த குழம்பு. அதை வற்றக் காய்ச்சினால் பழுப்பும் சாம்பலுமாக ஒரு பொடி. மிக்ஸ்டு சால்ட். டையிங்குக்கு ஆகாது. மண்ணில் கொட்டினால் மழையில் கரைந்து மறுபடி நொய்யல். ஸ்லட்ஜையாவது சிமென்ட் ஆலைக்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், இதைத் தொட ஆள் இல்லை. பிரித்தெடுக்க வழி இருக்கிறது, பிரித்தால் கிடைக்கும் உப்பின் விலையைவிடப் பிரிக்கிற செலவு அதிகம். மூட்டை கட்டி ஷெட்டில் அடுக்குகிறோம். திருப்பூர் பிளான்ட்டுகளில் ஆயிரக்கணக்கான டன் இப்படி அடுக்கிக் கிடக்கிறது. ஷெட் நிறைந்தால் இன்னொரு ஷெட்.

போன ஐப்பசியில் அப்பா வந்திருந்தார். மில்லு வேலையை விட்டு நாலு வருடம் ஆகிறது, இருமல் மட்டும் விடவில்லை. பிளான்ட்டைச் சுற்றிக் காட்டினேன். ஆர்.ஓ. அறையில் அவருக்குச் சுவாரசியம் இல்லை, வெறும் குழாய். சில்லர் சன்னலில் பனி விழுவதை மட்டும் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "நம்ம தொட்டியில மாவு படியற மாதிரியே இருக்குது" என்றார்.

மிக்ஸ்டு சால்ட் ஷெட்டுக்கு வந்தோம். மூட்டைகள் கூரை வரைக்கும். மேகம் மூட்டமாக இருந்தது, ஈரக் காற்றில் அடி மூட்டைகள் கசிந்து, தரையில் ஒரு கோடு பழுப்பாக வடிகால் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அப்பா பிரிந்திருந்த ஒரு மூட்டைக்குள் கை விட்டு, ஒரு சிட்டிகை எடுத்து, ஜவ்வரிசி பதம் பார்ப்பது போல இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"இதை யாரு சாமி வாங்கறாங்க?"

"யாரும் வாங்கறதில்லீங்கப்பா."

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தார். தகரத்தில் இரண்டு ஆணி ஓட்டை வழியாக வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது.

"ஏணி இருக்குதா? மழைக்கு முன்னால அந்த ரெண்டையும் அடைச்சுப் போடு."

இந்த முறை கூரைதான் ஒழுகியது. ஏணி எடுத்துவரப் போனேன்.